வடிகட்டிக்குள் அடங்காத ஆறு

ஜொகூர் மாநிலத்தில் நம்மவர் வாழும் எந்தத் தாமானுக்குச் சென்று, எந்த வீட்டுக் கூடத்தில் அமர்ந்து, தாகத்துக்குச் சிறிது தண்ணீர் வேண்டும் என்று கேட்டாலும், நீளும் குவளையோடு ஒரு வாக்கியமும் சேர்ந்து நீள்வதை வாசகர்கள் கவனித்திருக்கலாம்: "பயப்படாதீங்க, இது பைப்புத் தண்ணி இல்ல, ஃபில்டர் தண்ணி." விருந்தினருக்கு அபயமளிக்கும் பாவனையில் சொல்லப்படும் இச்சிறு வாக்கியத்துக்குள் ஒரு முழுச் சித்தாந்தமே ஒடுங்கிக் கிடக்கிறது. குழாய் வழியே வருவது குளிக்கவும் துவைக்கவும் தகுமேயன்றிக் குடிக்கத் தகாது. குடிப்பதற்கு வீட்டில் ஒரு வடிகட்டி வேண்டும், அதற்கு வசதியில்லாதவன் கடைவாசல் இயந்திரத்தில் காசு போட்டுப் பிடித்துக்கொள்ள வேண்டும். அவனவன் குடும்பத்தை அவனவன் காத்துக்கொள்வதே விவேகம், பொதுக்குழாயை நம்புவது பேதைமை. இதுவே அச்சித்தாந்தம். இது தவறான அபிப்பிராயம் என்பதும், எந்த அபாயத்திலிருந்து நம்மைக் காப்பதாகச் சொல்லிக்கொள்கிறதோ அந்த அபாயத்துக்கே இது காவல் நிற்கிறது என்பதும் என் கட்சி.

இவ்வாறு எண்ணுகிறவர்களை அறியாதவர்கள் என்று இகழ்வது என் நோக்கமன்று. இந்த அவநம்பிக்கை ஆகாயத்திலிருந்து குதித்ததன்று. அதற்கு வம்சாவளி உண்டு. குளுவாங் வட்டாரத்துத் தோட்டம் ஒன்றின் லயத்தில் பிறந்து வளர்ந்த எனக்கு அது நன்றாகவே தெரியும். காலையில் பிரட்டுக்குக் கொம்பு ஊதுமுன் குடத்தோடு கிணற்றடியில் நின்ற பெண்களையும், மழை பெய்தால் செம்மண் கரைந்து தேநீர் நிறத்தில் ஊறிய தண்ணீரையும், அதில் படிகாரக் கட்டியைச் சுழற்றித் தெளியவைத்த பாட்டியையும் நான் கண்ணால் கண்டவன். அதற்கு முந்திய தலைமுறையின் கதையோ இன்னும் கொடிது. ரப்பர்த் தோட்டங்களின் ஆரம்ப தசாப்தங்களில் நம் ஜனங்களைக் கொள்ளை கொண்டவற்றுள் மலேரியாக் காய்ச்சலுக்கு அடுத்தபடியாகப் பேசப்பட வேண்டியவை சீதபேதியும் கழிச்சலுமே; அவை இரண்டும் தண்ணீரில் ஏறி வந்த யமன்கள். தோட்டத் தொழிலாளர்க்குப் பொதுக்குழாயிலிருந்து போதிய நீரை இலவசமாக அளிப்பது முதலாளியின் கடமை என்று 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் வீடமைப்பு, வசதிகள் குறைந்தபட்சத் தரச் சட்டம் விதித்தது. நூறாண்டுக் காலம் ரப்பர் பால் கொடுத்த கைகளுக்கு ஒரு குவளை சுத்தமான நீர் கொடுக்கச் சட்டம் வேண்டியிருந்தது என்பதைச் சிந்தித்தால், தண்ணீர் விஷயத்தில் பிறர் சொல்லை நம்பாத குணம் நம்மவர்க்கு ஏன் இரத்தத்தில் ஊறியிருக்கிறது என்பது விளங்கும்.

ஆனால் சந்தேகப்படுவது வேறு, சந்தேகத்தைத் தவறான இடத்தில் கொண்டுபோய்க் கட்டுவது வேறு. நம் சந்தேகம் கட்டப்பட்டிருக்கும் இடம் எது, அதை அங்கே கட்டியவர் யார் என்பதை முதலில் பார்ப்போம்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் தாமான் பாலாய் ராயாவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கண்ணாடிக் குவளைகள் இரண்டை மேசைமேல் வைத்துக்கொண்டு ஒரு வியாபாரி வித்தை காட்டினார். ஒரு குவளையில் எங்கள் குழாய் நீர். மற்றொன்றில் அவருடைய இயந்திரம் வடித்த நீர். இரண்டிலும் மின்சாரம் பாயும் உலோகக் கம்பிகளை இறக்கினார். ஒரு நிமிஷம் கழிவதற்குள் குழாய் நீர் பழுப்பாகி, கறுத்து, பச்சையும் செம்மையும் கலந்த சேறாக நுரைத்தது. மற்றது ஸ்படிகம் போல் அப்படியே நின்றது. "இதைத்தான் இத்தனை நாளும் பிள்ளைகளுக்குக் கொடுத்தீங்க" என்று அவர் சொன்னபோது கூட்டத்தில் எழுந்த பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. அன்று பெருமூச்சு விட்டவர்களுள் நானும் ஒருவன். மாதத் தவணையில் அந்த இயந்திரத்தை வாங்கியவர்களுள்ளும் ஒருவன் என்பதை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். தண்டம் கட்டியவனுக்கே வாதாடும் உரிமை அதிகம்.

பள்ளியில் இரசாயனம் கற்பிக்கும் என் மருமகன் அடுத்த வாரம் வந்தான். சம்பவத்தைக் கேட்டுச் சிரித்துவிட்டு, "மாமா, உங்க ஃபில்டர் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு, அதே மாதிரி இரும்புக் கம்பியை விட்டுப் பாருங்க" என்றான். பார்த்தேன். ஸ்படிகம் சேறாயிற்று; குழாய் நீரைவிடச் சீக்கிரமாகவே ஆயிற்று. விஷயம் இவ்வளவுதான். நீரில் கரைந்துள்ள உப்புகளே மின்சாரத்தைக் கடத்துகின்றன. கடத்தும் நீரில் இரும்புக் கம்பி கரைந்து துருவாகிறது. உப்புகள் அறவே நீக்கப்பட்ட நீர் மின்சாரத்தை அநேகமாகக் கடத்தாததால் அங்கே கம்பி கரைவதில்லை. குவளையில் மிதந்த அழுக்கு ஆற்றிலிருந்தும் வரவில்லை, குழாயிலிருந்தும் வரவில்லை. வியாபாரியின் சட்டைப் பையிலிருந்த கம்பியிலிருந்து வந்தது. பாம்பாட்டியாவது பாம்பைக் கூடையில் வைத்துக் கொண்டுவந்ததை ஒப்புக்கொள்கிறான்.

இதனினும் நுட்பமான மற்றொரு வித்தை உண்டு. குழாய் நீரில் இரண்டு சொட்டுத் திரவம் விட்டு, அது மஞ்சளாக மாறுவதைக் காட்டி, "பாருங்கள் குளோரின், பாருங்கள் விஷம்" என்று சொல்வது. இங்கே காட்டப்படும் காட்சி பொய்யன்று. குளோரின் இருந்தால் அத்திரவம் மஞ்சளாகத்தான் செய்யும். ஆனால் எதைக் கண்டு மனம் நிம்மதியடைய வேண்டுமோ அதைக் கண்டு அஞ்சும்படி ஜனங்களைப் பழக்குவது வெறும் பொய்யைவிடத் தீங்கானது. சுத்திகரிப்பு ஆலையிலிருந்து புறப்படும் நீர் மேட்டுத் தொட்டிகளையும் பல மைல் தூரக் குழாய்களையும் கடந்து நம் சமையலறைக்கு வந்து சேரும் வரையில், வழியில் எந்தக் கிருமி புகுந்தாலும் அதை அழிப்பதற்காக நீருடனேயே அனுப்பப்படும் காவலன்தான் அந்தக் குளோரின் மிச்சம். நம் நாட்டின் தேசியக் குடிநீர்த் தர விதிகள் அம்மிச்சம் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமுக்குக் குறையவும் கூடாது, 5 மில்லிகிராமுக்கு மேற்படவும் கூடாது என்கின்றன. சொட்டு விட்டதும் நீர் மஞ்சளானால் காவலன் வீடு வரையில் வந்து சேர்ந்துவிட்டான் என்று பொருள். மஞ்சளாகாத நாளில்தான் தொலைபேசியை எடுக்க வேண்டும்.

இது ஏட்டுச் சுரைக்காய் அன்று என்பதற்குக் கனடா தேசத்தில் ஒன்டாரியோ மாகாணத்து வாக்கர்ட்டன் என்னும் சிற்றூர் சாட்சி. ஜனத்தொகை ஐயாயிரத்துக்கும் குறைவு. சுற்றிலும் மாட்டுப் பண்ணைகள். ஊருக்குக் கிணறுகளே ஆதாரம். 2000-ஆம் ஆண்டு மே மாதத்தில் பெய்த பெருமழை பண்ணை நிலத்துச் சாணத்தை ஒரு கிணற்றுக்குள் இறக்கியது. கிணற்று நீரில் போதிய குளோரின் சேர்க்கப்படவில்லை. நாள்தோறும் அளக்க வேண்டிய மிச்சத்தை அளக்காமலே, அளந்ததாக ஏட்டில் எழுதிவைக்கும் வழக்கமும் அங்கே இருந்து வந்தது. விளைவு, ஊரில் ஏறத்தாழ 2,300 பேர் நோயுற்றார்கள். ஏழு பேர் மாண்டார்கள். பின்னர் நடந்த நீதி விசாரணையில் வெளிவந்த சங்கதிகளுள் ஒன்று என் மனத்தைவிட்டு அகலுவதில்லை: நீரில் குளோரின் ருசி தூக்கலாக இருக்கிறது என்று ஊரார் முன்பு முறையிட்டு வந்திருக்கிறார்கள். நாக்குக்குப் பிடிக்காதது உயிருக்குக் காப்பு என்று அவர்களுக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. எங்கள் தாமானிலும் இல்லை. சொட்டு மருந்துக்காரர் மட்டுமே இருந்தார்.

நிற்க. அந்த வடிகட்டி செய்கிற வேலைதான் என்ன? அநேக வீட்டு வடிகட்டிகளின் உயிர்நாடி கரி. கரி குளோரினை உறிஞ்சிக்கொள்வதால் நீர் ருசியாகிறது, அது மெய்யே. காவலனை வாசலில் தடுத்துத் திருப்பி அனுப்பிய பிறகு, இருளும் ஈரமும் வெப்பமும் நிறைந்த அந்தக் கரிப்படுகை நுண்ணுயிர்கள் குடியேறத் தகுந்த கூடாரமாகிவிடுகிறது. உரிய காலத்தில் உள்ளுறுப்பை மாற்றுகிறவர்களுக்குப் பெரிய தீங்கில்லை. தவணைக்கே தவிப்பவர்கள் எத்தனை பேர் மாற்றுகிறார்கள்? இன்னும் ஒரு படி மேலே சென்று, மீட்டர் அருகே ஆளுயர எவர்சில்வர் உருளையை நிறுத்தி, வீட்டுக்குள் வரும் நீர் முழுவதையும் கரியில் வடித்துக் கூரைத்தொட்டிக்கு ஏற்றுகிறவர்கள் உண்டு. நீர் நாட்கணக்கில் தேங்கும் இடம் அந்தத் தொட்டி. மூடி விலகினால் பல்லி விழும் இடமும், கொசுப்புழு நெளியும் இடமும் அதுவே. அங்கே போய்ச் சேரும் நீரின் ஆயுதத்தைப் பறித்துவிட்டு அனுப்புவதைப் பாதுகாப்பு என்று எந்த அகராதியின்படி சொல்வது? நம் வீடுகளிற் பெரும்பாலானவற்றில் சமையலறைக் குழாய் கூரைத்தொட்டியின் வழியாக வராமல் நேரே பிரதானக் குழாயிலிருந்து வரும்படி அமைக்கப்பட்டிருப்பதைக்கூட நம்மவர் பலர் அறியார். அந்த ஏற்பாட்டைச் செய்தவன் வடிகட்டி விற்கவில்லை.

இனி, எதிர்ப்பக்கத்தாரின் பலமான வாதத்துக்கு வருகிறேன். "அதெல்லாம் சரி ஐயா, கண்ணுக்கு முன்னால் தண்ணீர் காப்பி நிறத்தில் வருகிறதே, அதற்கு என்ன சொல்கிறீர்?" என்று கேட்பார்கள். வருகிறது, மறுப்பதற்கில்லை. தண்ணீர் நின்று மீண்டும் வரும் நாட்களில் என் வீட்டுக் குழாயிலும் அப்படித்தான் வருகிறது. அது ஆலையிலேயே அப்படிப் புறப்பட்ட நீர் அன்று என்பதே இங்குக் கவனிக்கத்தக்கது. ஆலையில் ஆற்றுநீருக்குக் காற்றூட்டி, படிகாரமிட்டு, கலங்கலைத் திரட்டிக் கீழே படியவைத்து, மணற்படுகையில் வடித்து, சுண்ணாம்பு சேர்த்து, குளோரின் கலந்து அனுப்புகிறார்கள். தேற்றாங்கொட்டையை உரைத்துக் கலங்கல் நீரைத் தெளியவைக்கும் வித்தையைச் சங்கப் புலவரே உவமையாக எடுத்தாண்டிருக்கிறார். என் பாட்டியின் படிகாரக் கட்டியும் அந்தப் பரம்பரைதான். ஆலை செய்வது அதனையே பெரிய அளவில். தெளிந்து புறப்பட்ட நீர் காப்பி நிறமாவது வழியில். ஆண்டுக்கணக்கில் குழாயின் உட்சுவரில் மெல்லப் படிந்த இரும்பும் மாங்கனீசும், விநியோகம் நின்று திரும்ப வரும்போது ஏற்படும் வேகத்தில் பெயர்ந்து வருகின்றன. இதில் அபாயம் நிறத்தில் இருப்பதைவிட நிறம் அறிவிக்கும் செய்தியில் இருக்கிறது. ஒழுகும் குழாயில் அழுத்தம் உள்ளவரை நீர் வெளியே கசியும். அழுத்தம் போய்விட்டால் அதே ஓட்டை வழியே சுற்றியுள்ள மண்ணின் சாக்கடைக் கசிவு உள்ளே இழுக்கப்படும். ஓட்டைக்கு உள்ளென்றும் வெளியென்றும் பேதமில்லை.

இந்த இடத்தில் நம் மாநிலத்துக்கே உரிய ஒரு விநோதத்தைச் சொல்லாமலிருக்க முடியவில்லை. விடியற்காலை நாலு மணிக்கு மோட்டார் சைக்கிளில் ஏறி, பாலத்தைக் கடந்து சிங்கப்பூருக்கு வேலைக்குப் போகும் நம் பிள்ளைகள், அங்கே தொழிற்சாலைக் குழாயைத் திறந்து, கையேந்தி, கொஞ்சமும் தயங்காமல் குடிக்கிறார்கள். அந்தத் தண்ணீரில் பெரும்பங்கு எங்கிருந்து போகிறது? 1962-ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி 2061 வரையில் நாளொன்றுக்கு 25 கோடி காலன் வரை ஜொகூர் ஆற்றிலிருந்து எடுத்துக்கொள்ளச் சிங்கப்பூருக்கு உரிமை உண்டு. எடுப்பதும் சுத்திகரிப்பதும் நம் கோத்தா திங்கி மாவட்டத்திலேயே நடக்கின்றன. சுத்திகரித்ததில் ஒரு பகுதி நமக்கே விற்கவும் படுகிறது. அதே ஆறு, அதே மழை, அதே படிகாரம். பாலத்துக்கு அந்தப் பக்கம் கையேந்திக் குடித்தவன், இரவு வீடு திரும்பும் வழியில் மளிகைக்கடை வாசலில் வண்டியை நிறுத்தி, இயந்திரத்தில் காசு போட்டுப் போத்தல் நிரப்புகிறான். அந்தத் தீவு கடல்நீரையும், கழிவுநீரை மீளச் சுத்திகரித்த நீரையும் கலந்துகொள்கிறது என்பது உண்மைதான். ஆயினும் முக்கிய வித்தியாசம் மண்ணுக்கடியில் இருக்கிறது. அங்கே குழாய்களில் ஒழுகி வீணாவது நூற்றுக்குப் பத்துக்கும் குறைவு. இங்கே சுத்திகரித்த நீரில் ஏறத்தாழக் கால்பங்கு கணக்கில் வராமல் போகிறது. நாடு முழுவதையும் எடுத்துக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். ஆகவே அண்டை ஊர்க்காரனுக்கும் நமக்கும் உள்ள பேதம் வடிகட்டி வாங்கியவனுக்கும் வாங்காதவனுக்கும் உள்ள பேதம் அன்று. மாற்றிய குழாய்க்கும் மாற்றாத குழாய்க்கும் உள்ள பேதம்.

(பழைய சிமெண்டுக் குழாய்களில் உள்ள ஆஸ்பெஸ்டாஸ் புற்றுநோய் தரும் என்னும் பீதியும் விற்பனைப் பேச்சில் அடிக்கடி வருகிறது. மூச்சில் போகும் ஆஸ்பெஸ்டாஸ் கொடிது. குடிநீரில் போவது தீங்கு செய்வதற்குத் திடமான சான்று கிடைக்கவில்லை என்பதே உலகச் சுகாதார நிறுவனத்தின் நிலை. அக்குழாய்கள் மாற்றப்பட வேண்டியது அவை உடைந்துகொண்டேயிருப்பதால்.)

இதுவரை சொன்னது பாதி வழக்கு. மற்றப் பாதி ஆற்றங்கரையில் இருக்கிறது. எதிர்ப்பக்கத்தார் அங்கே எட்டிப் பார்ப்பதேயில்லை.

2019-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் ஜொகூர் ஆற்றில் அமோனியா ஏறியது. நம் பக்கத்துச் சுத்திகரிப்பு ஆலைகள் நிறுத்தப்பட்டன. சிங்கப்பூரின் பொதுப் பயனீட்டுக் கழகமும் அதே ஆற்றங்கரையிலுள்ள தன் ஆலையை நிறுத்திவைக்க நேர்ந்தது. அமோனியா எங்கிருந்து வருகிறது? செம்பனை ஆலைக் கழிவுக் குட்டைகளிலிருந்தும், எருக்கூடங்களிலிருந்தும், கால்நடைப் பண்ணைகளிலிருந்தும், குப்பைமேட்டுக் கசிவிலிருந்தும் வருகிறது. ஒரு டன் செம்பனை எண்ணெய் பிழிந்தால் இரண்டரை டன் அளவுக்குக் கழிவுநீர் சேரும். சுத்திகரிக்காமல் விட்டால் அது ஆற்றின் உயிர்க்காற்றைக் குடிக்கும் வேகம் வீட்டுச் சாக்கடையைப் போல் நூறு மடங்கு. சரி, அமோனியா வந்தால் ஆலையை ஏன் மூட வேண்டும், வடிகட்டிவிடலாமே என்று கேட்கலாம். அமோனியா குளோரினைத் தின்றுவிடும். ஒரு பங்கு அமோனியாவைத் தீர்த்துக்கட்டவே எட்டுப் பத்துப் பங்கு குளோரின் செலவாகும். அது தீர்ந்த பிறகல்லவா கிருமியைக் கொல்லக் காவலன் மிஞ்சுவான்? ஆகையால்தான் லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் என்ற எல்லையை விதிகள் ஆற்றுநீருக்கே வகுத்திருக்கின்றன. அதைத் தாண்டினால் மதகை அடைப்பதே ஆலைக்காரன் செய்யக்கூடிய நேர்மையான காரியம். மதகை அடைத்த மறுநாள் இலட்சக்கணக்கான வீடுகளில் குழாய் காற்றை ஊதும். அன்றைக்கு நம் கூடத்தில் நிற்கும் இரண்டாயிரம் வெள்ளி வடிகட்டி எதை வடிகட்டும்?

அதே ஆண்டு மார்ச் 7-ஆம் தேதி பாசீர் கூடாங்கின் சுங்கை கிம் கிம் ஆற்றில் இரவோடிரவாகக் கொட்டப்பட்ட இரசாயனக் கழிவு என்ன செய்தது என்பதை நாம் மறந்திருக்க மாட்டோம். பள்ளிப் பிள்ளைகள் மூச்சுத் திணறி விழுந்தார்கள். ஆயிரக்கணக்கானோர் சிகிச்சைக்குச் சென்றார்கள். 111 பள்ளிகள் மூடப்பட்டன. அது குடிநீர் ஆறு அன்று என்பது நம் பாக்கியமேயொழியச் சாமர்த்தியமன்று. நடுநிசியில் ஒரு லாரி நின்று கழிவைக் கொட்டிவிட்டுப் போகக்கூடிய ஆற்றங்கரை, குடிநீர் மதகுக்கு மேலேயும் எத்தனையோ மைல் நீண்டு கிடக்கிறது.

2015-ஆம் ஆண்டையும் நினைவூட்டுகிறேன். மாசாய், பாசீர் கூடாங் வட்டாரத்துக்கு நீர் தரும் சுங்கை லாயாங் நீர்த்தேக்கம் வறண்டு, முறைவைத்துத் தண்ணீர் விட்ட மாதங்கள் அவை. வாளியும் பேசினுமாக லாரியின் பின்னால் நின்ற வரிசையில் வடிகட்டி உள்ளவரும் இல்லாதவரும் ஒன்றாகவே நின்றார்கள். அந்தச் சமத்துவத்தை நல்ல காலத்திலேயே ஏன் உணரக்கூடாது என்பதுதான் என் கேள்வி.

இனிப் பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. இல்லற உபயோகத்துக்கான முதல் இருபது கன மீட்டரில், கன மீட்டர் ஒன்றுக்கு, அதாவது ஆயிரம் லிட்டருக்கு, 2024-இல் நம் மாநிலத்தில் கட்டணம் ஏறக்குறைய ஒரு வெள்ளியாக இருந்தது. 2024 பிப்ரவரியில் தீபகற்ப மாநிலங்களில் வீட்டுக் கட்டணம் சராசரியாகக் கன மீட்டருக்கு இருபத்திரண்டு காசு ஏற்றப்பட்டபோது காப்பிக்கடைகளில் எழுந்த கூச்சலை நான் கேட்டேன். கூச்சலிட்டவர்களின் காலடியிலேயே, லிட்டர் இருபது காசு வீதம் இயந்திரத்தில் பிடித்த போத்தல்கள் இருந்தன. இருநூறு மடங்கு விலையை முணுமுணுக்காமல் கொடுக்கும் கை, குழாய் மாற்றுவதற்காகக் கேட்கப்படும் இருபத்திரண்டு காசுக்கு நடுங்குகிறது. போத்தலிலும் ஒரு வேடிக்கை உண்டு: நம் நாட்டில் வெள்ளை மூடியிட்ட போத்தல் நீர் சாதாரணக் குடிநீர், நிற மூடியிட்டது இயற்கைத் தாது நீர். வெள்ளை மூடிக்குள் இருப்பது பெரும்பாலும் அதே பொதுக்குழாய் நீரை மறுபடி வடித்ததுதான். ஆற்றை ஒருமுறை அரசாங்கத்திடம் வாங்கி, இன்னொரு முறை வியாபாரியிடம் வாங்குகிறோம். அதுவும் ஏழையே அதிக விலைக்கு வாங்குகிறான். தவணைக்குத் தகுதியற்றவனுக்கு இயந்திரம்தானே கதி?

பணநஷ்டத்தினும் பெரிய நஷ்டம் குரல் நஷ்டம். ஊரில் அதிகாரிக்குக் கடிதம் எழுதத் தெரிந்தவன், தொலைபேசியில் ஆங்கிலமும் மலாயும் பேசத் தெரிந்தவன், சட்டமன்ற உறுப்பினரைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவன் எவனோ, அவனே முதலில் வடிகட்டி வாங்குகிறான். வாங்கிய அன்றே அவனுக்குத் தண்ணீர்ப் பிரச்சினை தீர்ந்துவிட்டது. அவன் வாய் மூடியபின் மிஞ்சுகிறவர்கள், முறையிடத் தெரியாதவர்களும் முறையிட்டால் யாரும் கேளாதவர்களும். காப்பி நிற நீர் வரும் தாமானில் ஆண்டு முழுவதும் நாலே முறையீடு பதிவாகியிருந்தால், அங்கே குழாய் மாற்ற எந்தப் பொறியாளன் பணம் ஒதுக்குவான்? ஆற்றைக் காக்கக் கூடியிருக்க வேண்டிய ஓர் ஊரையே, தவணை கட்டும் தனித்தனி வீடுகளாகப் பிரித்து வைத்துவிட்டது அந்த எவர்சில்வர் உருளை. அபாயத்துக்குக் காவல் நிற்கிறது என்று முதலில் நான் சொன்னது இதைத்தான்.

நான் உத்தியோகஸ்தர்களுக்கு வக்காலத்து வாங்குவதாக யாரும் எண்ணிவிட வேண்டாம். "தர விதிகளுக்கு உட்பட்டே நீர் வழங்கப்படுகிறது" என்னும் அறிக்கை எனக்குப் போதாது. சுகாதார அமைச்சு 1983 முதல் குடிநீர்க் கண்காணிப்புத் திட்டம் நடத்தி, ஆலை வாயிலிலும் மேட்டுத் தொட்டியிலும் விநியோகக் குழாயிலும் மாதிரி எடுத்து வருகிறது. எடுத்த மாதிரியின் முடிவை அந்தக் குழாய் நீரைக் குடிக்கிறவன் தாமான் அறிவிப்புப் பலகையில் படிக்க முடியாதபோது, அவன் சொட்டு மருந்துக்காரனிடம் போவதில் ஆச்சரியமென்ன? நீரின் தரத்துக்குச் சுகாதார அமைச்சு, விநியோகச் சேவைக்குத் தேசிய நீர்ச் சேவை ஆணையமாகிய ஸ்பான், ஆற்றுநீருக்கு மாநில நீர் ஒழுங்குமுறை அமைப்பாகிய பாகாஜ், ஆலைக் கழிவுக்குச் சுற்றுச்சூழல் இலாகா, ஆற்றங்கரை நிலத்துக்கு மாநில அரசாங்கம் என்று பொறுப்புப் பங்கிடப்பட்டிருக்கிறது. பல பேர் மேய்க்கும் மாடு பட்டி சேராது. 2024-இல் சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, அபராதத்தின் உச்சவரம்பு ஒரு கோடி வெள்ளியாக உயர்த்தப்பட்டது நல்ல காரியமே. ஆனால் ஆற்றை நாசமாக்கியவன் ஒரு கோடியின் அருகிலாவது கட்டுகிறானா, பழைய நாளைப் போல் சில்லறையைக் கொடுத்துவிட்டுச் சிரித்துக்கொண்டு போகிறானா என்று கவனிக்கிறவர் இல்லாவிட்டால், உச்சவரம்பு காகிதத்தில் ஏறியதோடு சரி.

அமெரிக்காவில் ஃபிளின்ட் நகரத்து மக்கள் வடிகட்டியால்தானே தப்பினார்கள் என்று படித்த நண்பர் ஒருவர் என்னை மடக்கினார். 2014-இல் நீராதாரத்தை மாற்றியபோது அரிப்புத் தடுப்பு மருந்து சேர்க்கத் தவறியதால் அங்கே பழைய குழாய்களின் ஈயம் நீரில் இறங்கியது. வடிகட்டி வழங்கப்பட்டதும் மெய்தான். அது வெள்ளத்தில் மிதக்கக் கொடுத்த கட்டை. அதையே வீடென்று சொல்லி அந்த நகரத்தார் குடியேறிவிடவில்லை. தெருவில் இறங்கி, வழக்காடி, மண்ணைத் தோண்டி, ஈயக் குழாய்களைப் பெயர்த்தெடுக்கச் செய்தார்கள். என் நண்பரின் உதாரணம் எனக்கே சாட்சி சொல்கிறது.

என் வீட்டில் இப்போது நடப்பது இது. தவணை தீர்ந்த வடிகட்டி பின்கட்டில் சாத்தியிருக்கிறது. சமையலறைக் குழாயில் பிடித்த நீரைக் கொதிக்கவைத்து ஆற்றிக் குடிக்கிறோம். தோட்டத்திலிருந்து வந்த ஒவ்வொரு தாய்க்கும் தெரிந்த வழக்கம் அது. தண்ணீர் நின்று வரும் நாளில் தெளியும் வரையில் குழாயைத் திறந்துவிட்டு, அந்த நீரைச் செடிக்கு ஊற்றுகிறோம். கூரைத்தொட்டியை ஆண்டுக்கொரு முறை, தீபாவளிக்கு முன் வெள்ளையடிக்கும்போதே கழுவிவிடுகிறோம். நிறம் மாறும் ஒவ்வொரு முறையும் தேதியும் நேரமும் குறித்துப் புகார் எண் வாங்குகிறேன். கொதிக்கவைப்பது கிருமியைத்தான் கொல்லும், ஆலைக்கழிவைக் கொல்லாது என்பது எனக்குத் தெரியும். அதற்குத்தான் பின்வரும் காகிதம்.

எங்கள் தாமானின் பெயரால் ஒரு விண்ணப்பம் எழுதியிருக்கிறேன். எங்கள் விநியோகக் குழாயில் எடுக்கப்படும் மாதிரியின் குளோரின் அளவும் கிருமிப் பரிசோதனை முடிவும் மாதந்தோறும் பாலாய் ராயாப் பலகையில் ஒட்டப்பட வேண்டும். எங்கள் தெருக்களின் பழைய குழாய்கள் எந்த ஆண்டு மாற்றப்படும் என்று எழுத்தில் சொல்ல வேண்டும். அமோனியாவால் ஆற்றோர ஆலைகள் எத்தனை நாள் மூடப்பட்டன, அதற்குக் காரணமானவர்மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதை ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். மலாயில் ஒரு படி, தமிழில் ஒரு படி. இதுவரை கையெழுத்திட்டவர்கள் எங்கள் வரிசையில் மூன்று வீட்டார். அவர்களில் ஒருவர் கடைவாசல் இயந்திரத்தில் நாள்தோறும் தண்ணீர் பிடிப்பவர். வெள்ளிக்கிழமை பூஜை முடிந்தபின் கோவில் மண்டபத்தில் காகிதத்தோடு உட்கார்ந்திருப்பேன். வடிகட்டி வைத்திருப்பவர்களும் தாராளமாக வரலாம்.